முதல் கிட்டார்: பெயரைப் பார்க்க முன்னம் கம்பியின் உயரத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருப்பது இது: மகள் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறா, கிட்டார் பழக ஆசைப்படுகிறா. கோயில் பாட்டுக் குழுவில் வாசிக்க வேண்டும், சினிமாப் பாட்டும் வாசிக்க வேண்டும். மைத்துனர் “நைலோன் கம்பி போட்டதை எடுங்க, விரல் நோகாது” என்கிறார். கடையில் 38 அங்குலக் கிட்டார் ஒன்றை உறை, தோள்பட்டி எல்லாம் சேர்த்து மலிவாகத் தருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் பத்து வருசப் பழைய யமஹா ஒன்று சும்மா கிடக்கிறது. எதை எடுப்பது?

மூன்றில் இதுதான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் மூன்றையும் ஒரே விதமாகச் சோதித்து நீங்களே முடிவெடுக்கலாம். பழகத் தொடங்கிய பிள்ளைகள் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவதற்கு மரமோ பெயரோ பெரும்பாலும் காரணமில்லை. கம்பி, கழுத்துப் பலகையிலிருந்து அளவுக்கு மீறி உயர்ந்து நிற்பதுதான் காரணம். இந்த உயரத்தை வாசிக்கிறவர்கள் ‘அக்ஷன்’ என்பார்கள். அது கூடிவிட்டால் அழுத்துவதற்கே விரலில் பலம் போதாது. போதாக்குறைக்கு, கீழே வரும் வழியில் கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். பிள்ளை சரியாகப் பிடித்தும் கோட் (பல கம்பியைச் சேர்த்து எழுப்பும் சுரக்கூட்டு) பிசகிக் கேட்கும். தன் விரலில்தான் பிழை என்று நினைத்துக்கொள்ளும்.

அளக்கக் கருவி தேவையில்லை. நாலைந்து ஏ.டி.எம். கார்ட் போதும். உலகம் முழுக்க வங்கி அட்டையின் தடிப்பு ஒன்றுதான், 0.76 மி.மீ. எழுத்துப் புடைத்து நிற்கும் பழைய கார்ட் சரிவராது, அல்லது புடைப்பு இல்லாத ஓரத்தைப் பாவியுங்கள். முதலில் கிட்டாரைச் சரியான சுருதிக்கு ஏற்றவேண்டும். கடையில் தொங்கும் கிட்டாரின் கம்பி தளர்ந்திருக்கும்; தளர்ந்த கம்பியில் கழுத்து நிமிர்ந்து நிற்பதால் உயரம் குறைவாகக் காட்டி ஏமாற்றும். ஃபோனில் ஒரு இலவச டியூனர் செயலியைப் போட்டு, தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று கூட்டுங்கள். அது தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கூட்டித் தரச் சொல்லுங்கள். கூட்டித் தரத் தெரியாத கடையில் விற்ற பிறகும் உதவி கிடைக்காது.

கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். இனி 12ஆவது ஃப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் இரட்டைப் புள்ளி இருக்கும் இடம் அது. அந்த உலோகக் கம்பிக்கும் அதற்கு மேலே ஓடும் தடித்த இ கம்பிக்கும் நடுவே கார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தள்ளிப் பாருங்கள். இரும்புக் கம்பிக் கிட்டாரில் மூன்று கார்ட் (2.3 மி.மீ.) கம்பியைத் தூக்காமல் மட்டுமட்டாக நுழைந்தால் நல்லது. நாலாவதும் (3 மி.மீ.) தாராளமாக நுழைந்தால், சரிசெய்து தராமல் வாங்கக் கூடாது. மெல்லிய இ கம்பியின் கீழே இரண்டு கார்ட் போகலாம். மூன்று லேசாகப் போனால் உயரம்தான். நைலோன் கிட்டாருக்குக் கணக்கு வேறு. அதன் கம்பி அகலமாக அதிரும் என்பதால் தடித்த பக்கம் 4 மி.மீ. வரை, அதாவது ஐந்து கார்ட் வரை வழமையானது.

பலரும் பார்க்காமல் விடுவது கழுத்தின் மறு முனை. சுருதி கூட்டும் சாவிகள் இருக்கும் தலைக்குக் கீழே கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு ‘நட்’ என்று பெயர். மலிவுக் கிட்டார்களில் இந்தப் பள்ளங்களை ஆழமாக வெட்டாமல் அரைகுறையாக விட்டுவிடுவார்கள். 12ஆவது ஃப்ரெட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஆரம்பப் பாடங்கள் நடக்கும் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி கல்லாக இருக்கும். சோதிப்பது இப்படி: இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தலைமயிர் போகும் அளவு இடைவெளி போதும். ஒரு விசிட்டிங் கார்ட் சுகமாக உள்ளே போனால் நட் உயரம். இதை வெட்டிச் சரியாக்க, தெரிந்தவருக்குச் சொற்ப நேரம்தான் செல்லும். ஆனால் ஒரு இழுவை கூடினாலும் கம்பி முதல் ஃப்ரெட்டில் இடித்து ‘கர்’ என்னும். பிறகு நட்டையே மாற்றவேண்டும். எனவே வீட்டு அரத்தால் முயற்சிக்க வேண்டாம்.

மூன்றாவது கழுத்தின் வளைவு. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆவதிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். அப்போது கம்பி ஒரு நேர்கோல். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே அது 0.1 முதல் 0.3 மி.மீ. வரை விலகி நிற்க வேண்டும். தட்டினால் ‘டிக்’ என்ற சிறு ஒலி வரும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னுக்கு வளைந்திருக்கிறது, 1 மி.மீ. அளவுக்கு வாய் திறந்தால் முன்னுக்கு வளைந்திருக்கிறது. கழுத்துக்குள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு இருந்தால் இரண்டையும் திருத்தலாம். தலைப் பக்கத்து மூடிக்குக் கீழேயோ வட்டத் துவாரத்துக்குள்ளேயோ அதன் தலை தெரியும். அலன் கீயால் (அறுகோணத் திறப்பால்) வலப்பக்கம் கால் சுற்று திருப்பினால் கழுத்து நிமிரும். கால் சுற்றுக்கு மேலே ஒரே தடவையில் போகாதீர்கள். திருப்பிய பிறகு மறுபடி சுருதி கூட்டி, மறுபடி அளந்து பாருங்கள். இறுகி அசையாமல் நின்றால் விட்டுவிடுங்கள். தண்டு முறிந்தால் கிட்டாரே முடிந்தது.

கடைசியாகக் காதால் ஒரு சோதனை. வாசிக்கத் தெரியாதவரும் செய்யலாம். ஆறு கம்பியையும் 1 முதல் 12 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தித் தட்டிக்கொண்டு போங்கள், ஐந்து நிமிடம் எடுக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால், அடுத்த ஃப்ரெட் கம்பி உயர்ந்திருக்கிறது. அழுத்தாமல் தட்டும்போது மட்டும் இரைந்தால், நட்டின் பள்ளம் ஆழம் கூடிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டும் மொத்தமாக இரைந்தால், கழுத்து பின்னுக்கு வளைந்தது. பிறகு 12ஆவதுக்கு நேரே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டி எழும் மணியொலியை டியூனரில் பாருங்கள். உடனே அதே இடத்தில் அழுத்தித் தட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே சுரத்தில், முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கவேண்டும். அழுத்தும்போது முள் நன்றாக ஏறினால், ஒன்றில் கம்பி உயரம், இல்லாவிட்டால் கம்பி பழசு, அதுவுமில்லையென்றால் பிரிட்ஜை (உடம்பின் மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டை) ஒட்டிய இடமே பிழை. முதல் இரண்டையும் திருத்தலாம். மூன்றாவது வாங்கக் கூடாத சாமான்.

இனி மைத்துனர் சொன்ன நைலோன். அவர் சொல்வதில் பாதி உண்மை. நைலோன் கம்பி விரல் நுனிக்கு மெத்தென்று இருக்கும். ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. 12–53 அளவு (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இரும்புக் கம்பித் தொகுதி ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். ஆனால் நைலோன் போட்ட கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து நட்டில் 52 மி.மீ. அகலம், இரும்புக் கம்பிக் கிட்டார் சாதாரணமாக 43 மி.மீ. சிறிய கைக்கு அந்த 9 மி.மீ. பெரிய தூரம். விரல் நுனி நோவு மூன்று நாலு கிழமையில் தோல் தடித்து மாறிவிடும். எட்டாத விரலை எட்டவைக்கக் கூடிய நாள் செல்லும். பாட்டுக் குழுவில் பத்துக் குரலுக்கு நடுவே கேட்கவேண்டுமென்றாலும் இரும்புக் கம்பிதான் வெட்டிக் கேட்கும். மட்டக்களப்புப் பறங்கியர் வயலின், மண்டலினோடு கிட்டாரையும் சேர்த்து வாசித்த ஊர் இது. அவர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டின் ஆறெட்டுத் தாளத்தை நைலோனில் அடித்தால் மூச்சு வாங்குவதுபோலிருக்கும். மகள் பின்னாளில் விரலால் மீட்டும் கிளாசிக்கல் பாணியில் தரச் சோதனை எழுதப்போகிறா என்றால் மட்டும் நைலோனை எடுங்கள். அதற்கு யமஹா சி40 நியாயமான தொடக்கம். நீங்கள் சொன்ன தேவைக்கு இரும்புக் கம்பிக் கிட்டாரை எடுத்து, 10–47 அளவு மெல்லிய கம்பி போட்டுக் கொடுப்பதே என் தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நைலோன் கிட்டாருக்கு ஒருபோதும் இரும்புக் கம்பி போடாதீர்கள். “சத்தம் காணாது” என்று போட்டுவிடுகிறார்கள். உள்ளே விட்டங்கள் அந்த இழுவைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. சில மாதத்தில் மேற்பலகை வயிறு வைக்கும், பிரிட்ஜ் பிடுங்கிக்கொண்டு வரும். அடையாளம் சுலபம்: கம்பியைப் பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் நைலோன் கிட்டார், ஆறு குமிழ் முளைகளால் குத்தியிருந்தால் பெரும்பாலும் இரும்புக் கம்பிக் கிட்டார்.

அளவு: பதினாறு வயதுக்கு முழு அளவுதான். உடம்பு சிறிதென்றால் பெரிய டிரெட்நோட் உருவத்தை விட்டு, இடுப்பு ஒடுங்கிய கொன்சர்ட் உருவத்தைக் கேளுங்கள். வலது தோள் தூக்காமல் கை விழும். தம்பி தங்கைக்கும் பார்க்கிறீர்கள் என்றால், எட்டுப் பத்து வயதுக்கு முக்கால் அளவு போதும்.

பலகையா பிளைவூட்டா என்ற கேள்விக்கு இணையத்தில் ஒரே பதில்தான் கிடைக்கும்: மேற்பலகை ஒற்றைப் பலகையாக இருந்தால் ஒலி சிறப்பு. உண்மைதான். ஆனால் அந்தப் பலகைக்குப் பிடித்த காற்று 45 முதல் 55 வீத ஈரப்பதம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தில் நாம் இருக்கிறோம். கார்த்திகை, மார்கழி மாரியில் 80 வீதத்துக்கு மேலே நாட்கணக்கில் நிற்கும். பலகை நீரை உறிஞ்சி உப்பும், கம்பி உயரும். பிறகு வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் அதே மரம் காய்ந்து சுருங்கும். கம்பி இறங்கி இரையும், ஃப்ரெட் கம்பிகளின் முனை கழுத்தோரத்தில் முள்ளாகக் கையைக் கீறும். கண்ணாடிப் பெட்டியும் ஈரமானியும் வைத்துப் பராமரிக்கிறவருக்கு இது பிரச்சினையில்லை. பழகத் தொடங்கும் பிள்ளையின் கிட்டார் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். அதற்குப் பிளைவூட் மேற்பலகைதான் தோது: தட்டுக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அசைவு மிகக் குறைவு. கடைக்காரர் “சொலிட் டொப்” என்று விலை கூட்டிச் சொன்னால், வட்டத் துவாரத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகைகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு கோடு, பிஸ்கட் நடுவே கிறீம்போல ஓடினால் பிளைவூட்.

கடையிலுள்ள 38 அங்குலக் கிட்டாரைப் பற்றி. அந்த 38 என்பது தலையிலிருந்து அடி வரை மொத்த நீளம். முழு டிரெட்நோட் 41 அங்குலம் வரும். சிறிதாயிருப்பது குறையல்ல. குறை என்னவென்றால், இந்த வகையில் பலவற்றின் கழுத்துக்குள் திருப்பக்கூடிய தண்டு இல்லை. முதல் மாரியில் கழுத்து வளைந்தால் வளைந்ததுதான். கழுத்துப் பலகையாகக் கறுப்பு மை பூசிய மெல்லிய மரத்தை ஒட்டியிருப்பார்கள். ஆறு மாதத்தில் விரல் படும் இடம் வெளுக்கும். தண்டின் தலை தெரிகிறதா என்று பாருங்கள், மேலே சொன்ன சோதனைகளையும் செய்யுங்கள். எல்லாவற்றிலும் தேறினால் எடுப்பதில் பிழையில்லை, தேறுவதும் உண்டு. கூடவே தரும் உறையும் தோள்பட்டியும் விலையைத் தீர்மானிக்க விடாதீர்கள். அவற்றைப் பிறகும் வாங்கலாம்.

புதிதாகவே எடுப்பதென்றால் யமஹா எஃப்310 நம்பலாம்: பிளைவூட் ஸ்புரூஸ் மேற்பலகை, 43 மி.மீ. நட், 634 மி.மீ. கம்பி நீளம். வழமையான 650 மி.மீ. கிட்டாரைவிட நீளம் குறைந்ததால் கம்பி கொஞ்சம் இளகி நிற்கும், புதியவருக்கு அது சகாயம். பெயர் போன சாமான் என்பதால் போலியும் உண்டு. மற்ற இடத்தைவிடப் பாதி விலையில் கிடைத்தால் சந்தோசப்படாதீர்கள். இலங்கை முகவரின் உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும் இல்லாமல் யமஹா விலை கொடுக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கிறீர்கள் என்றால் கம்பிகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, தலைக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய துணி அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். வழியில் கிட்டார் முறிவது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில்தான்.

பழைய யமஹாவை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பத்து வருசம் தாங்கிய கிட்டார் இனி வளைவதற்குக் காரணம் குறைவு. ஆனால் நாலு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பிரிட்ஜின் பின்பக்க விளிம்பின் கீழே ஒரு கடதாசித் துண்டைத் தள்ளுங்கள். உள்ளே போனால் ஒட்டு விடுகிறது. இரண்டு, நீண்ட இரும்பு அடிமட்டத்தைக் கழுத்தின் ஃப்ரெட்டுகள் மேலே நிறுத்திப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்தளத்தைத் தொட்டால் நல்லது. நன்றாகக் கீழே போய் இடித்தால் கழுத்தின் கோணமே விழுந்துவிட்டது. திருத்தும் செலவுக்குப் புதிதே வாங்கலாம். மூன்று, உளு. சிறு ஊசித் துளைகளும், தட்டினால் மா போலத் தூளும் விழுந்தால் அதை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். நான்கு, சாவிகள். துருப்பிடித்துச் சுற்றாதவை என்றால் பயப்பட வேண்டாம், ஆறும் சேர்த்து மாற்றலாம். கம்பி கறுத்திருப்பது, தூசி, கீறல் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

உயரம் மட்டும்தான் குறை என்றால் திருத்துவது இப்படி. பிரிட்ஜின் பள்ளத்தில் நிற்கும் வெள்ளைத் துண்டு சேடில். 12ஆவது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. இறங்கவேண்டுமென்றால் சேடிலில் 1 மி.மீ. தேய்க்கவேண்டும், எப்போதும் இரண்டு மடங்கு. கம்பியைக் கழற்றி, சேடிலை வெளியே எடுத்து, அடிப்பக்கத்திலிருந்து 1 மி.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் 220 இலக்க சாண்ட் பேப்பரை விரித்து, சேடிலின் அடியை அதில் நிறுத்தி, சரியாமல் நேராகத் தேயுங்கள். அடி ஒரு பக்கம் சரிந்தால் சில கம்பி மட்டும் செத்த ஒலி தரும். மேற்பக்கத்தைத் தொடாதீர்கள், அதன் வளைவு அளந்து செய்தது. தேய்த்த பிறகு பிரிட்ஜுக்கு மேலே குறைந்தது 2 மி.மீ. சேடில் தெரியவேண்டும். ஒரு உபரிச் சேடில் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது புத்தி.

திருத்தக் கிடைக்கும் வரை ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று கூட்டி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போவை (கழுத்தைக் கவ்வி ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கருவி) மாட்டுங்கள். சுருதி வழமையானதுதான், ஆனால் இழுவை குறைந்துவிடும், உயரமான நட்டும் விளையாட்டிலிருந்து விலகிவிடும். எஃப் கோட்டில் அழுகிற பிள்ளைக்கு இது அன்றைக்கே தெரியும் வித்தியாசம்.

கையிலுள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்: தலையில் கவ்வும் டியூனர், கேப்போ, இரண்டு தொகுதி 10–47 கம்பி, 0.6 மி.மீ. அளவில் இரண்டு மூன்று பிக் (கம்பியைத் தட்டும் சிறு தகடு), பஞ்சு வைத்த உறை. உள்ளே ஒலிவாங்கி பொருத்திய எலெக்ட்ரோ வகைக்குக் கூடக் கொடுக்க வேண்டாம். கோயிலில் மைக் வைத்து வாசிக்கலாம், மலிவு ஒலிவாங்கியை ஒட்டுவதை எப்போதும் செய்யலாம். 12–53 போட்டிருந்த கிட்டாருக்கு 10–47 மாற்றினால் இழுவை குறைந்து கழுத்து பின்னுக்குப் போகும், இரையத் தொடங்கலாம். டிரஸ் ராட்டை இடப்பக்கம் கால் சுற்று விட்டால் சரி.

உப்புக்காற்றில் கம்பி இரண்டு மூன்று மாதத்தில் கறுத்துச் சொரசொரக்கும். வாசித்து முடிய ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் இரட்டிப்பு நாள் வரும். மழை நனையும் வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள், தகரக் கூரைக்கு நேர் கீழே அலுமாரி உச்சியிலும் வைக்காதீர்கள். மதிய வெயிலில் பூட்டிய வானுக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்தால் பிரிட்ஜின் பசை இளகிவிடும். மாரி முடிந்ததும் ஒருதரம், கச்சான் தொடங்கியதும் ஒருதரம், அதே மூன்று கார்ட்டை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள்.